யுஎஸ்பி கீபோர்டை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது? லினக்ஸில் அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லினக்ஸ் மெஷினில் கீபோர்டு மக்கர் செய்தால் முதலில் வரும் கேள்வி, "இதுக்கு டிரைவர் எங்கே டவுன்லோடு பண்றது?" என்பதுதான். எங்கும் இல்லை. யுஎஸ்பி கீபோர்டுக்கு வேண்டியது எல்லாம் கெர்னலோடு (லினக்ஸின் மையப் பகுதி) சேர்ந்தே வருகிறது. நாம் கண்டுபிடிக்க வேண்டியது, இப்போது செருகியிருக்கும் கீபோர்டை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது, அல்லது ஏன் எதுவும் பிடிக்கவில்லை என்பதை.

"எந்த டிரைவர்" என்று கேட்டால் ஒரே பெயர் பதிலாக வராது, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தட்டுகளில் மூன்று வரும். கீழே போர்ட்டை ஓட்டும் கண்ட்ரோலர் டிரைவர். இன்றைய மெஷின்களில் இது எக்ஸ்ஹெச்சிஐ_ஹெச்சிடி. அதற்கு மேலே, கீபோர்டு, மவுஸ் வகைச் சாதனங்களுக்கான யுஎஸ்பிஹிட். அதற்கும் மேலே எல்லாவற்றுக்கும் பொதுவான ஹிட்-ஜெனரிக், அல்லது அந்தக் கம்பெனிக்கென்றே எழுதிய ஹிட்-ஆப்பிள், ஹிட்-லெனோவோ போன்ற ஒன்று. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் போய் நிற்கும், அல்லது மூன்றையும் தாண்டி வெளியே நிற்கும். தியரி இவ்வளவு போதும்.

கட்டளைகளை வாயால் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி, கோடு, சாய்கோடு எல்லாம் இங்கே உள்ளபடியே அடிக்கவும்.

## தொடங்கும் முன்

இரண்டாவது வழி ஒன்றைத் திறந்து வையுங்கள். கெட்டுப்போன கீபோர்டிலேயே அதைச் சரிசெய்யும் கட்டளையை அடிக்க முடியாது. இன்னொரு சாதாரண கீபோர்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால், மெஷினில் எஸ்எஸ்ஹெச் சர்வர் (வேறு கருவியிலிருந்து உள்நுழைய விடுவது) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டு அதன் வழியாக உள்ளே வரலாம். மவுஸ் மட்டும் இருந்தால் திரைக் கீபோர்டு. கொஞ்சம் படுத்தும், ஆனால் நான்கு கட்டளைக்குத் தாங்கும்.

அந்த நான்கும் இவை:

    எல்எஸ்யுஎஸ்பி -டி

மர வடிவில் ஒரு பட்டியல் வரும். கீபோர்டின் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்: போர்ட் 2: டெவ் 5, இஃப் 0, கிளாஸ்=ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைஸ், டிரைவர்=யுஎஸ்பிஹிட், 1.5எம். கடைசியில் உள்ள 1.5எம் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மலிவான கீபோர்டுகளுக்கு அந்த வேகமே வழக்கம்; சிலது 12எம் காட்டும். ஒரே கீபோர்டுக்கு இஃப் 0, இஃப் 1 என்று இரண்டு வரி வந்தாலும் சரிதான். ஒன்று எழுத்துகளுக்கு, மற்றது பெரும்பாலும் வால்யூம் மாதிரியான கீகளுக்கு.

    எல்எஸ் -எல் /சிஸ்/பஸ்/ஹிட்/டிவைசஸ்/*/டிரைவர்

மேல் தட்டில் யார் என்பதை இது சொல்லும். 0003:046டி:சி31சி.0003 என்பது போல ஒரு பெயர், அதிலிருந்து அம்புக்குறி, முடிவில் ஹிட்-ஜெனரிக். முன்னால் உள்ள 0003 யுஎஸ்பியைக் குறிக்கும். 0005 என்றால் புளூடூத், 0018 என்றால் ஐ2சி. 046டி லாஜிடெக்கின் எண், சி31சி அவர்களுடைய கே120. கடைசி எண் கழற்றிச் செருகும்போதெல்லாம் ஏறும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

    சுடோ டிமெஸ்ஜி -டபிள்யூ

கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் கட்டளை இது. ஓடவிட்டு, கீபோர்டைக் கழற்றி மறுபடி செருகுங்கள். புதிதாக ஓடும் வரிகள் மட்டுமே உங்களுக்குத் தேவை.

    கேட் /ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸ்

இதில் கீபோர்டின் பெயரைத் தேடி, அதன் கீழே 'ஹேண்ட்லர்ஸ்' வரியைப் பாருங்கள். அங்கே கேபிடி என்ற சொல்லும் ஈவென்ட்3 போல ஒரு எண்ணும் இருந்தால், கெர்னல் தன் வேலையை முடித்துவிட்டது.

மூன்று தட்டையும் ஒரே மூச்சில் பார்க்க ஆசைப்பட்டால், அந்த ஈவென்ட் எண்ணை வைத்து:

    யுடெவ்ஏடிஎம் இன்ஃபோ -ஏ -என் /டெவ்/இன்புட்/ஈவென்ட்3

நீளமாகக் கொட்டும். அதில் 'டிரைவர்ஸ்' என்று தொடங்கும் வரிகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள்: ஹிட்-ஜெனரிக், யுஎஸ்பிஹிட், யுஎஸ்பி, எக்ஸ்ஹெச்சிஐ_ஹெச்சிடி. நல்ல கீபோர்டில் இந்த வரிசை அறாமல் வரும்.

## அறிகுறி 1: செருகினால் டிமெஸ்ஜியில் ஒரு வரிகூட வரவில்லை

டிரைவரைப் பற்றிப் பேசும் கட்டத்துக்கே இன்னும் வரவில்லை. கீபோர்டு வந்திருப்பதே கெர்னலுக்குத் தெரியாது.

விளக்கு எரிகிறது, வரி வரவில்லை. கழற்றி மாட்டும் டைப்-சி கேபிள் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். வீட்டில் கிடக்கும் சார்ஜர் கேபிள்களில் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது. கரன்ட் போகும், கலர் கலராக விளக்கு எரியும், எழுத்து மட்டும் வராது. போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போட்டோ ஏற்றப் பயன்பட்ட கேபிள் எது என்று தேடி அதை மாட்டிப் பாருங்கள். புளூடூத்தும் உள்ள கீபோர்டு என்றால், பக்கத்தில் இருக்கும் சிறிய சுவிட்ச் 'கேபிள்' பக்கம் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

விளக்கும் இல்லை. ஹப், நீட்டிப்பு வயர், கேவிஎம் (ஒரே கீபோர்டைப் பல மெஷினுக்குப் பகிரும் பெட்டி) எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, டெஸ்க்டாப் என்றால் பின்பக்க போர்ட்டில் நேராகச் செருகுங்கள். முன்பக்க போர்ட்டுகள் கேபினட்டுக்குள் ஒரு வயரால் மதர்போர்டோடு இணைந்தவை. அசெம்பிள் செய்தவர் அந்த வயரைக் குத்தாமல் விட்டிருப்பது அபூர்வம் இல்லை.

பயாஸில் வேலை செய்கிறது, லினக்ஸில் வரி வரவில்லை. பயாஸுக்கு (லினக்ஸ் தொடங்கும் முன் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) சொந்தமாக ஒரு கீபோர்டு டிரைவர் உண்டு. அங்கே எழுத்து வந்தால் கேபிளும் போர்ட்டும் நலம். மிச்சம் இருப்பது கண்ட்ரோலர் டிரைவர்:

    எல்எஸ்பிசிஐ -கே

யுஎஸ்பி கண்ட்ரோலர் வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று எக்ஸ்ஹெச்சிஐ_ஹெச்சிடி இருக்க வேண்டும். பழைய மெஷினில் இஹெச்சிஐ, யுஹெச்சிஐ, ஓஹெச்சிஐ எனத் தொடங்கும் பெயர்கள் வரலாம். விஎஃப்ஐஓ-பிசிஐ என்று இருந்தால், யாரோ அந்தக் கண்ட்ரோலரையே விர்ச்சுவல் மெஷினுக்குத் தாரைவார்த்திருக்கிறார்கள்.

எங்கே நிறுத்துவது: பயாஸிலும் இல்லை, எந்த போர்ட்டிலும் இல்லை, ஆனால் அதே கீபோர்டு வேறு மெஷினில் ஓடுகிறது என்றால் மதர்போர்டு வேலை. 'ஓவர்-கரன்ட்' என்ற சொல் டிமெஸ்ஜியில் வந்தால் போர்ட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் ஊசியை எடுத்துக் குத்த வேண்டாம், சர்வீஸ் ஆளிடம் கொடுங்கள். அதற்கு முன், வேலை செய்யும் வேறு போர்ட்டில் ஒரு ஹப்பை மாட்டிக் காலத்தை ஓட்ட முடியுமா என்றும் யோசியுங்கள். பலருக்கு அதுவே போதும்.

## அறிகுறி 2: வரி வருகிறது, ஆனால் எரர் -71 அல்லது -110

'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்/64, எரர் -71' என்று சில முறை வந்து, கடைசியில் 'அனேபிள் டு எனுமரேட் யுஎஸ்பி டிவைஸ்' என்று முடியும். -71 என்றால் பேச்சு குழறுகிறது. -110 என்றால் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இரண்டுமே கெர்னலின் குறையாக இருப்பது அரிது. கம்பியில் தேடுங்கள்.

வேறு போர்ட், அப்புறம் வேறு கேபிள், அப்புறம் வேறு மெஷின், இந்த வரிசையில் மாற்றுங்கள். எல்லா மெஷினிலும் அதே எரர் என்றால் கீபோர்டுதான், கேபிள் கீபோர்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கும். கேபிளை அந்த இடத்தில் மெல்ல வளைத்துப் பிடித்தால் உயிர் வந்து போகும். மெம்பரேன் கீபோர்டு என்றால் சில நூறு ரூபாய்க்குப் புதிது வாங்குவது, சால்டரிங் கூலியைவிட மலிவு. ஒரு மெஷினில் மட்டும் எரர் வந்தால், பூட் ஆகும்போது கெர்னலுக்குத் தரும் கட்டளை வரியில் யுஎஸ்பிகோர்.ஓல்ட்_ஸ்கீம்_ஃபர்ஸ்ட்=1 சேர்த்து ஒரு முறை பூட் செய்து பார்க்கலாம்; செலவில்லாத சோதனை. அதற்கும் அசையவில்லை என்றால் அறிகுறி 1-இன் கடைசிப் பத்திக்குப் போங்கள்.

## அறிகுறி 3: எல்எஸ்யுஎஸ்பியில் பெயர் இருக்கிறது, டிரைவர் இடம் காலி

எல்எஸ்யுஎஸ்பி -டி கொடுத்தால் 'டிரைவர்=' என்பதற்குப் பின் ஒன்றுமில்லை, அல்லது சதுர அடைப்பில் 'நன்' என்று வருகிறது. இங்கேதான் உண்மையிலேயே டிரைவர் பிரச்சினை. வாய்ப்புகளை எளியதிலிருந்து பார்ப்போம்.

### அப்டேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யவில்லை

ஆர்ச், மஞ்சாரோ வகை லினக்ஸில் இது அடிக்கடி வரும். கெர்னல் அப்டேட் ஆனதும் பழைய மாட்யூல்கள் (கெர்னல் தேவைப்படும்போது ஏற்றும் டிரைவர் கோப்புகள்) டிஸ்கிலிருந்து போய்விடுகின்றன. ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கெர்னல். அது வரை செருகியிருந்த சாதனங்கள் ஓடும், புதிதாகச் செருகியதற்கு மாட்யூல் கிடைக்காது.

    யுநேம் -ஆர்
    எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ்

முதல் கட்டளை காட்டும் எண் இரண்டாவதன் பட்டியலில் இல்லையென்றால் வேறு எதையும் தொடாதீர்கள். ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

### மாட்யூல் ஏறவில்லை

    சுடோ மாட்ப்ரோப் யுஎஸ்பிஹிட்
    சுடோ மாட்ப்ரோப் ஹிட்-ஜெனரிக்

இதை அடித்ததும் கீபோர்டு உயிர்பெற்றால், யாரோ அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். /ஈடிசி/மாட்ப்ரோப்.டி போல்டரில் 'பிளாக்லிஸ்ட் யுஎஸ்பிஹிட்' என்று வரி இருக்கிறதா பாருங்கள். எரரும் இல்லை, உயிரும் வரவில்லை என்றால் அங்கே 'இன்ஸ்டால் யுஎஸ்பிஹிட் /பின்/ட்ரூ' என்ற வரியைத் தேடுங்கள். பொது இடத்துக் கம்ப்யூட்டரைப் பூட்டுகிறேன் என்று யாராவது செய்திருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: ஏறியிருக்கும் மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலில் யுஎஸ்பிஹிட் இல்லை என்பதாலேயே டிரைவர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சில கெர்னல்களில் அது மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அப்போது எல்எஸ்மாட் அதைக் காட்டாது. /லிப்/மாட்யூல்ஸ் கீழே உங்கள் கெர்னல் எண்ணின் போல்டரில் மாட்யூல்ஸ்.பில்ட்இன் என்ற கோப்பு உண்டு. அதில் தேடினால் தெரிந்துவிடும். அங்கேயும் இல்லை, மாட்ப்ரோப்பும் 'கிடைக்கவில்லை' என்கிறது என்றால், சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னலில் கான்ஃபிக்_யுஎஸ்பி_ஹிட் விடுபட்டிருக்கிறது.

### அனுமதி இல்லை

டிமெஸ்ஜியில் 'டிவைஸ் இஸ் நாட் ஆத்தரைஸ்டு ஃபார் யூசேஜ்' என்று வந்தால் யுஎஸ்பிகார்டு போன்ற காவல் மென்பொருள் நிறுத்தி வைத்திருக்கிறது. இந்த நிலையில் இன்டர்ஃபேஸ் வரிகளே மரத்தில் தென்படாமல் போகலாம். 'யுஎஸ்பிகார்டு லிஸ்ட்-டிவைசஸ்' கொடுத்து எண்ணைப் பார்த்து, 'யுஎஸ்பிகார்டு அலௌ-டிவைஸ்' என்று அந்த எண்ணோடு அனுமதியுங்கள். ஆபீஸ் மெஷின் என்றால் இதை நீங்களே செய்ய வேண்டாம். ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள், வேண்டுமென்றேதான் வைத்திருப்பார்கள்.

### காலி இல்லை, வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்

'டிரைவர்=யுஎஸ்பிஎஃப்எஸ்' என்று இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸோ க்யூஇஎம்யூவோ கீபோர்டை அப்படியே உள்ளிருக்கும் மெஷினுக்கு எடுத்துக்கொடுத்துவிட்டது. அந்த விர்ச்சுவல் மெஷினின் யுஎஸ்பி பட்டியலில் டிக்கை எடுத்தால் திரும்பி வரும்.

'டிரைவர்=யுஎஸ்பிகேபிடி' என்று இருந்தால் கதை வேறு. இது பூட் ப்ரோட்டோகால் என்ற அடிப்படை மொழி மட்டும் தெரிந்த சின்ன டிரைவர். எழுத்து வரும், வால்யூம் மாதிரியான கீகள் வராது. சாதாரண மெஷினில் இதற்கு வேலையே இல்லை. 'மாட்ப்ரோப் -ஆர் யுஎஸ்பிகேபிடி' கொடுத்து இறக்கிவிட்டு, மறுபடி வராமல் பிளாக்லிஸ்ட் செய்யுங்கள். கெர்னல் கட்டும்போது யாரோ பெயரைப் பார்த்து ஏமாந்து இதைத் தேர்ந்திருப்பார்கள், பெயர் அப்படி.

### கையால் ஒட்டுவது

மேலே எதுவும் இல்லை, யுஎஸ்பிஹிட் ஏறியும் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால்:

    எக்கோ -என் 1-2:1.0 | சுடோ டீ /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிரைவர்ஸ்/யுஎஸ்பிஹிட்/பைண்ட்

1-2:1.0 என்பது பஸ் 1, போர்ட் 2, கான்ஃபிகரேஷன் 1, இன்டர்ஃபேஸ் 0. உங்கள் மெஷினின் எண்ணை /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ் போல்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். பைண்ட் இருக்கும் இடத்தில் அன்பைண்ட் என்று போட்டால் அவிழ்ந்துவிடும். ஒரே கீபோர்டை வைத்துக்கொண்டு அதை அன்பைண்ட் செய்தால், திரும்ப ஒட்டும் கட்டளையை எதில் அடிப்பது?

பைண்ட் செய்தும் எரர் வந்தால், டிமெஸ்ஜியில் அந்த நொடி வந்த வரிகளை நகலெடுத்து உங்கள் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) பிழைப் பதிவில் சேருங்கள். அதற்கு மேல் நாம் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி 4: எஃப்1 அழுத்தினால் வெளிச்சம் குறைகிறது

எஃப்5-க்கு ரீஃப்ரெஷ் இல்லை, எஃப்12-க்கு வால்யூம் ஏறுகிறது. கீக்ரான் மாதிரியான மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கியவர்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள். கீபோர்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. தேவையே இல்லை. டிரைவர் யார் என்று பார்ப்பதால் ஒரே நிமிடத்தில் தீரும் பிரச்சினை இது.

முன்னே சொன்ன இரண்டாவது கட்டளையை ஓட்டுங்கள்.

ஹிட்-ஆப்பிள் என்று வந்தால்: அந்தக் கீபோர்டு தன்னை ஆப்பிள் என்று அறிமுகம் செய்துகொள்கிறது. எண் 05ஏசி:024எஃப் மாதிரி இருக்கும், 05ஏசி ஆப்பிளுடையது. மேக்கில் சிக்கலின்றி ஓடட்டும் என்று கம்பெனி செய்த ஏற்பாடு. கெர்னலுக்கு ஸ்டிக்கரில் இருக்கும் பிராண்டு தெரியாது. எண்ணைப் பார்க்கிறது, ஆப்பிள் டிரைவரிடம் ஒப்படைக்கிறது. அந்த டிரைவர் ஆப்பிள் கீபோர்டில் செய்வதையே இங்கும் செய்கிறது, எஃப்1-ஐ வெளிச்சமாக மாற்றுகிறது.

இப்போதைய அமைப்பைப் பாருங்கள்:

    கேட் /சிஸ்/மாட்யூல்/ஹிட்_ஆப்பிள்/பாராமீட்டர்ஸ்/எஃப்என்மோட்

0 என்றால் எஃப்என் கீயின் மாற்று வேலை முழுதும் நிற்கும். 1 என்றால் மீடியா முதலில், எஃப்என் அழுத்தினால்தான் எஃப் கீ. 2 என்றால் நேர் எதிர். புதிய கெர்னல்களில் 3 உண்டு. எது ஆப்பிள், எது போலி என்று டிரைவரே ஊகித்துக்கொள்ளும். ஊகம் தப்பும்போதுதான் நாம் உள்ளே வர வேண்டியிருக்கிறது. பெரும்பாலோர்க்கு வேண்டியது 2:

    எக்கோ 2 | சுடோ டீ /சிஸ்/மாட்யூல்/ஹிட்_ஆப்பிள்/பாராமீட்டர்ஸ்/எஃப்என்மோட்

உடனே மாறும், கழற்றிச் செருகக்கூடத் தேவையில்லை. சரியாக இருந்தால் நிரந்தரமாக்க /ஈடிசி/மாட்ப்ரோப்.டி/ஹிட்_ஆப்பிள்.கான்ஃப் என்ற கோப்பில் ஒரு வரி:

    ஆப்ஷன்ஸ் ஹிட்_ஆப்பிள் எஃப்என்மோட்=2

இதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள், அடுத்த பூட்டில் பழையபடி ஆகிவிட்டது என்று திரும்பி வருகிறார்கள். ஹிட்-ஆப்பிள் பல மெஷின்களில் இனிட்ராம்எஃப்எஸ் (டிஸ்க் திறக்கும் முன் ஏறும் சிறிய தொடக்க இமேஜ்) கட்டத்திலேயே ஏறிவிடும். அப்போது அது படிப்பது டிஸ்கில் நீங்கள் எழுதிய கோப்பை அல்ல, இமேஜுக்குள் இருக்கும் பழைய நகலை. ஆகவே இமேஜையும் புதிதாகக் கட்ட வேண்டும். டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு', ஃபெடோராவில் 'டிராகட் -எஃப்', ஆர்ச்சில் 'எம்கேஇனிட்சிபிஐஓ -பி', இதில் அந்தப் 'பி' மட்டும் பெரிய எழுத்து.

ஆல்ட்டும் விண்டோஸ் கீயும் இடம் மாறியிருந்தால் அதே டிரைவரில் ஸ்வாப்_ஆப்ட்_சிஎம்டி என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் கீபோர்டின் பக்கவாட்டில் மேக்/விண்டோஸ் சுவிட்ச் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள்.

ஹிட்-ஜெனரிக் என்று வந்தால்: மாற்றுவது கீபோர்டின் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர். கெர்னலிடம் வரும்போதே அது வால்யூமாகத்தான் வருகிறது. எஃப்என்+எஸ்கேப் அல்லது கீபோர்டு கையேட்டில் சொல்லியிருக்கும் எஃப்என் லாக்கை அழுத்துங்கள். /ஈடிசியில் எதைத் தோண்டியும் பயனில்லை.

ஹிட்-லாஜிடெக்-ஹெச்ஐடிபிபி என்று வந்தால்: சோலார் என்ற மென்பொருளை நிறுவுங்கள். எஃப் கீகளை மாற்றிப்போடும் அமைப்பு அதில் இருக்கும்.

## அறிகுறி 5: எழுத்து எல்லாம் வருகிறது, வால்யூம், கால்குலேட்டர் கீ மட்டும் செத்துக்கிடக்கிறது

    சுடோ ஈவிடெஸ்ட்

கெர்னலுக்கு வரும் கீ அழுத்தல்களைக் காட்டும் கருவி இது. பட்டியலில் உங்கள் கீபோர்டின் பெயர் ஒன்றுக்கு மேல் இருக்கும். அவற்றில் 'கன்ஸ்யூமர் கண்ட்ரோல்' என்று முடிவதைத் தேர்ந்து கீயை அழுத்துங்கள். பலர் முதலில் இருப்பதைத் தேர்ந்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்கிறார்கள்.

கீயின் பெயர் சரியாக வந்தால் டிரைவர் நலம், டெஸ்க்டாப்பின் ஷார்ட்கட் அமைப்பைப் பாருங்கள். 'கீ_அன்நோன்' என்று வந்தால் டிரைவர் பார்க்கிறது, பெயர்தான் தெரியவில்லை. யுடெவின் (சாதனங்களை நிர்வகிக்கும் பகுதி) ஹெச்டபிள்யூடிபி கோப்பில் ஒரு வரி எழுதிப் பெயர் வைக்கலாம். ஒன்றுமே வரவில்லையென்றால் ஒரு தட்டு கீழே இறங்குங்கள்:

    சுடோ ஹெக்ஸ்டம்ப் -சி /டெவ்/ஹிட்ரா1

இதில் 'சி' பெரிய எழுத்து; ஹிட்ரா எண்கள் ஒவ்வொன்றையும் முயன்று பாருங்கள். கீயை அழுத்தும்போது இங்கே எண்கள் ஓடி, ஈவிடெஸ்டில் மட்டும் வரவில்லை என்றால், ஹிட்-ஜெனரிக்குக்கு அந்தக் கம்பெனியின் மொழி புரியவில்லை. புதிய கெர்னலில் அதற்கென்று டிரைவர் வந்திருக்கலாம். ஒரு லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பூட் செய்யும் பென்டிரைவ்) புதிய டிஸ்ட்ரோவை ஓட்டிப் பார்த்தால் தெரியும். அதிலும் இல்லையென்றால் எல்எஸ்யுஎஸ்பி -வி காட்டும் விவரத்தோடு பிழைப் பதிவு. இங்கும் எண் ஓடவில்லை என்றால் கீயே போய்விட்டது, அல்லது அந்தக் கீ கீபோர்டுக்குள்ளேயே ஏதோ செய்துகொள்கிறது. விளக்கு நிறம் மாற்றும் கீகள் பல இந்த வகை.

## அறிகுறி 6: க்ரப்பில் வருகிறது, டெஸ்க்டாப்பில் வருகிறது, நடுவில் டிஸ்க் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் மட்டும் வரவில்லை

க்ரப்பில் (கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் பூட் மெனு) ஓடுவது பயாஸின் டிரைவர். டெஸ்க்டாப்பில் ஓடுவது டிஸ்கில் இருக்கும் மாட்யூல். நடுவில் டிஸ்க் இன்னும் பூட்டியே இருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் இமேஜுக்குள் எந்த மாட்யூல் இருக்கிறதோ அது மட்டும்தான். அதில் யுஎஸ்பிஹிட் இல்லை.

டெபியன், உபுண்டுவில் இருக்கிறதா என்று பார்க்க 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்' கட்டளைக்கு /பூட்டில் உள்ள இனிட்ஆர்டி இமேஜின் பெயரைக் கொடுத்து, விடையில் ஹிட் என்று தேடுங்கள். இல்லையென்றால் /ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/மாட்யூல்ஸ் கோப்பில் எக்ஸ்ஹெச்சிஐ_பிசிஐ, யுஎஸ்பிஹிட், ஹிட்_ஜெனரிக் மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். உங்கள் கீபோர்டுக்கு மேல் தட்டில் வேறு பெயர் வந்திருந்தால் அதையும். பிறகு இமேஜைப் புதிதாகக் கட்டுங்கள். ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ.கான்ஃப் கோப்பின் ஹூக்ஸ் வரியில் 'கீபோர்டு' என்பது 'ஆட்டோடிடெக்ட்' என்பதற்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால், இமேஜ் கட்டிய அன்று செருகியிருந்த கீபோர்டுக்கு வேண்டியது மட்டும் உள்ளே போகும். அடுத்த மாதம் வேறு கீபோர்டு வாங்கினால் வாசலிலேயே நிற்பீர்கள்.

சரிசெய்யும் வரை உள்ளே போக பழைய கெர்னலைக் க்ரப் மெனுவில் தேர்ந்து பாருங்கள். அதன் இமேஜ் நன்றாக இருக்கலாம்.

## அறிகுறி 7: கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அடித்தால் முதல் எழுத்து விழவில்லை

மின்சிக்கனத்துக்காகக் கீபோர்டைத் தூங்க வைக்கிறார்கள். /சிஸ்/பஸ்/யுஎஸ்பி/டிவைசஸ்/1-2/பவர்/கண்ட்ரோல் கோப்பில் 'ஆட்டோ' என்று இருந்தால் 'ஆன்' என்று எழுதிச் சோதியுங்கள். தீர்ந்தால், அதை 'ஆட்டோ' ஆக்கியது யார் என்று தேடுங்கள். மின்சிக்கன மென்பொருளான பவர்டாப்பை 'ஆட்டோ-ட்யூன்' என்று ஒவ்வொரு பூட்டிலும் ஓட விட்டிருப்பதே வழக்கமான காரணம். இன்னொரு மின்சிக்கன மென்பொருளான டிஎல்பி மீது பழி போடாதீர்கள், அது யுஎஸ்பிஹிட் பிடித்திருக்கும் சாதனங்களைத் தானாகவே விட்டுவிடும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக நிறுத்த, கெர்னல் கட்டளை வரியில் யுஎஸ்பிகோர்.ஆட்டோசஸ்பெண்ட்=-1.

டிமெஸ்ஜியில் 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' திரும்பத் திரும்ப வந்தால் அது தூக்கம் இல்லை, கேபிள். அறிகுறி 2.

## அறிகுறி 8: தப்பான எழுத்து வருகிறது, தமிழ் வரவில்லை

ஈவிடெஸ்டில் ஏ கீயை அழுத்துங்கள். 'கீ_ஏ', அழுத்தும்போது 1, விடும்போது 0, பிடித்தே இருந்தால் 2 என்று வந்தால் கெர்னலின் வேலை அத்தோடு சரி. தமிழ்99 அடிக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலம் வருவதும், க வரும் இடத்தில் வேறு எழுத்து வருவதும் ஐபஸ் அல்லது எஃப்சிஐடிஎக்ஸ் (தமிழ் போன்ற மொழிகளை அடிக்க உதவும் மென்பொருள்கள்) அமைப்பில் தீர்க்க வேண்டியவை. டிரைவரை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. ஈவிடெஸ்ட் 'கிராப்டு' என்று புலம்பினால் கீடி மாதிரி கீகளை மாற்றும் மென்பொருள் ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள்.

## அறிகுறி 9: லேப்டாப் கீபோர்டு எல்எஸ்யுஎஸ்பியில் தெரியவே இல்லை

தெரியாது. பெரும்பாலான லேப்டாப்களில் உள்ளிருக்கும் கீபோர்டு யுஎஸ்பி அல்ல. /ப்ராக்/பஸ்/இன்புட்/டிவைசஸில் 'ஏடி டிரான்ஸ்லேட்டட் செட் 2 கீபோர்டு' என்று இருக்கும், பிடித்திருப்பது ஏடிகேபிடி, அதற்குக் கீழே ஐ8042. இந்த வழிமுறை அதற்குப் பொருந்தாது. அந்தப் பெயரும் இல்லாமல் போயிருந்தால், உள்ளே கீபோர்டின் ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம். லேப்டாப்பைத் திறந்து பழக்கம் இல்லாதவர் அந்தப் பூட்டுத் தகட்டை உடைத்துவிடுவார், கடையில் கொடுங்கள்.

## அறிகுறி 10: ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து

ஈவிடெஸ்டில் ஒரே அழுத்தலுக்கு 1, 0, 1, 0 என்று சில மில்லிசெகண்டுக்குள் வந்தால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது. வேறு போர்ட், வேறு கெர்னல் எதுவும் உதவாது. ஹாட்-ஸ்வாப் கீபோர்டு என்றால் சுவிட்சைப் பிடுங்கி, அதிகம் பயன்படாத ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சோடு இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் ஒரு சுவிட்ச் வாங்கினால் போதும். சால்டர் செய்த கீபோர்டு என்றால் சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். அது வரை டெஸ்க்டாப்பின் அணுகல்தன்மை அமைப்பில் 'பவுன்ஸ் கீஸ்' என்பதை ஓடவிட்டால் அந்த இரண்டாவது எழுத்து நின்றுவிடும். ஒரே எழுத்தை வேகமாக இருமுறை அடிப்பவர்களுக்கு மட்டும் அது கொஞ்சம் எரிச்சலைத் தரும்.